உறை மோரும் மாணிக்கக் கோலும்: ரூபி லேசர் எப்படி இயங்குகிறது?

ஆலங்காயத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் இரவு கடைசி வேலை உறை ஊற்றுவது. பாலைக் காய்ச்சி இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், பழைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விட்டுக் கலக்கி, அம்மா மூடி வைப்பார். போன மே மாதம் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பகலில்தான் அவளை ஜவ்வாது மலைமேல் காவலூருக்குக் கூட்டிப் போய் வந்திருந்தேன். திரும்பி வரும் வழியில், இந்த மலையிலிருந்து ஒரு காலத்தில் சிவப்பு லேசர் ஒளியைச் செயற்கைக்கோள் மீது அடித்து, அது எவ்வளவு தூரத்தில் போகிறது என்று அளந்தார்கள் எனச் சொல்லி வைத்தேன். அதிலிருந்து அவள் என்னை விடவில்லை.

"லேசர்னா என்ன மாமா? பெரிய டார்ச் லைட்டா?"

"பாட்டி இப்போ செய்யறாங்களே, அதுதான் லேசர்."

அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரூபி லேசரின் உயிரான வேலை உறை ஊற்றும் வேலையேதான். அன்று இரவு அவளுக்கு அடுப்படிச் சாமான்களை வைத்துச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கல்லும் ஒரு சிட்டிகையும்

ரூபி என்றால் மாணிக்கம். நகைக்கடைப் பேச்சில் கெம்பு. அலுமினியக் குண்டானை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்துக் கவிழ்த்தாலும், காற்று பட்ட மாத்திரத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் பிடித்துவிடும். அந்தப் படலமும் மாணிக்கத்தின் உடம்பும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள்தான்: அலுமினியம் ஆக்சைடு. அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டுப் படிகமானால் அது கண்ணாடி போல நிறமில்லாமல் இருக்கும்.

சிவப்பைக் கொடுப்பது குரோமியம். லேசருக்கு வளர்க்கும் கோலில் குரோமியம் ஆக்சைடு சுமார் 0.05 விழுக்காடுதான். ஒரு கிலோ மாவுக்கு அரை கிராம் என்று வையுங்கள். சாம்பாரில் பெருங்காயம் போடுகிற கணக்கு. அந்தச் சிட்டிகைதான் முழு வேலையையும் செய்கிறது. மற்றதெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் படிகம். குரோமியம் இவ்வளவு குறைவு என்பதால் லேசர் கோல் நகைக் கெம்பைப் போல அடர்சிவப்பாக இருக்காது. ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும்.

மண்ணில் தோண்டி எடுத்த மாணிக்கம் இதற்குச் சரிப்படாது. அதில் கீறலும் கலப்பும் உண்டு. செயற்கையாக வளர்த்த கல்தான் வேண்டும். 1902ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலர் வெர்னூய், அலுமினாத் தூளைத் தீச்சுடரில் தூவி உருக்கி, கீழே சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்குமே, அந்தப் பதினேழும் இப்படி வளர்த்த செயற்கை மாணிக்கத் துண்டுகள்தான். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

தரை, தட்டு, பரண்

கோலுக்குள் இருக்கும் ஒவ்வொரு குரோமிய அயனியையும் ஒரு தேங்காயாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் அடுப்படியில் தேங்காய் இருக்க மூன்று இடம்: தரை, சுவரில் ஒரு தட்டு, மேலே பரண்.

சும்மா இருக்கும்போது எல்லாத் தேங்காயும் தரையில் கிடக்கும். பச்சை ஒளியோ ஊதா ஒளியோ வந்து பட்டால் தேங்காய் பரணுக்கு ஏறிவிடும். மாணிக்கம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான். பச்சையையும் ஊதாவையும் அது விழுங்கிக்கொள்கிறது. ஆனால் பரண் சரிவானது. ஏறிய தேங்காய் அங்கே நிற்காது. ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் உருண்டு நடுத்தட்டில் விழுந்துவிடும். அந்தச் சிறு இறக்கத்தின் ஆற்றல் கல்லைக் கொஞ்சம் சூடாக்குவதோடு தீர்ந்துபோகும்.

நடுத்தட்டில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே தேங்காய் சராசரியாக 3 மில்லி நொடி தங்குகிறது. நாம் கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு. அணுவின் உலகத்தில் அது ஒரு யுகம். இந்தத் தங்கல் இல்லையென்றால் ரூபி லேசர் இல்லை.

தட்டிலிருந்து தேங்காய் தரைக்கு விழும்போது ஓர் ஒளித்துகள் வெளியேறுகிறது. அதன் அலைநீளம் 694.3 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் கண் காணக்கூடிய சிவப்பின் கடைசித் தெருவில் இருக்கிற நிறம் அது.

தானாக விட்டால் இந்தத் தேங்காய்கள் எப்படி விழும்? காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிறதைப் பாருங்கள். இது இங்கே, அது அங்கே. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. ஒன்று மேலே, ஒன்று சட்டையில். எந்தக் கடுகும் எந்தக் கடுகையும் கேட்டு வெடிப்பதில்லை. சூரியன், குண்டு பல்பு, டார்ச், அகல் விளக்கு எல்லாம் தருவது கடுகு ஒளி. திரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் தெறித்து, போகப்போகப் பரந்து மங்கிவிடும். மாணிக்கமும் பச்சை வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிரும். ஆனால் அதுவும் கடுகுதான்.

உறை ஊற்றும் நேரம்

1917ல் ஐன்ஸ்டைன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நடுத்தட்டில் உட்கார்ந்திருக்கும் அயனியின் பக்கமாக, அது விழுந்தால் எந்த ஒளி வருமோ அதே ஒளி கடந்துபோனால், அயனி தன் முறை வரும்வரை காத்திருக்காது. உடனே விழும். விழும்போது வரும் ஒளித்துகள், கடந்துபோனதன் மறுபதிப்பாக இருக்கும்: அதே நிறம், அதே திசை, அதே அடி எடுப்பு. ஒன்று போனது, இரண்டு வந்தது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும்.

இதைச் சொன்னபோதுதான் அம்மா பேச்சில் சேர்ந்தார். "மோரு புளிச்சிருந்தா தயிரும் புளிக்கும். இனிப்பா இருந்தா இனிக்கும். உறை எதுவோ தயிரு அதுதானே."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. உறைத் தயிர் பாலுக்குள் போய்த் தன் இனத்தையே பெருக்குகிறது. மாணிக்கத்துக்குள் முதலில் தற்செயலாகப் பிறந்த ஒரு சிவப்புத் துகள்தான் உறை. அது எந்தத் திசையில் போனதோ அந்தத் திசையில் மற்றதெல்லாம் போகும். ஓர் உறைக்கு ஓர் இரவு வேண்டும், ஒளிக்குச் சில நானோ நொடி போதும் என்பதுதான் இந்த உவமை நொண்டும் இடம்.

பால் பக்குவமாக இருந்தால்தான் உறை பிடிக்கும் என்பதும் பொருந்துகிறது. கொதிக்கும் பாலில் விட்டால் திரிந்துபோகும், ஃபிரிட்ஜ் பாலில் விட்டால் அப்படியே கிடக்கும். மாணிக்கத்தின் பக்குவம் வேறு. சிவப்புத் துகள் தட்டில் இருக்கும் தேங்காயைத் தொட்டால் அதை விழ வைத்து இரட்டிக்கும். தரையில் கிடக்கும் தேங்காயைத் தொட்டாலோ, அது துகளை விழுங்கிவிட்டுத் தட்டுக்கு ஏறிக்கொள்ளும். ஆகவே தட்டில் இருப்பவை தரையில் இருப்பவற்றைவிட அதிகமாக இருக்கவேண்டும். பாதிக்கு மேல் ஏற்றினால்தான் லாபம், இல்லையென்றால் நட்டம். பாதித் தேங்காயை மூன்று மில்லி நொடிக்குள் மேலே ஏற்றுவது சாதாரண விளக்கால் ஆகாது. இந்தச் சிக்கலாலும் பெரிய பெரிய ஆய்வாளர்கள் மாணிக்கத்தை ஒதுக்கினார்கள். பின்னால் வந்த நியோடிமியம் லேசர்களில் தரைக்குச் சற்று மேலே இன்னொரு காலித் தட்டு உண்டு. தேங்காய் அதில் விழும். அங்கே கூட்டமே இல்லாததால் வேலை சுலபம். மாணிக்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்று பாக்கி. ஒளி கோலை ஒரு முறை கடந்துபோனால் பெருக்கம் போதாது. கடையில் டீ மாஸ்டர் டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே காபியை ஆற்றுவதைப் பாருங்கள். போகும்போது கொஞ்சம் நுரை, வரும்போது இன்னும் கொஞ்சம். கோலின் இரண்டு முனைகளையும் இணையாகத் தேய்த்து வெள்ளி பூசினால் அவை இரண்டு கண்ணாடிகள். ஒளி இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆற்றப்படும். ஒவ்வொரு நடையிலும் பெருகும். நேர்கோட்டில் போகாத துகள்கள் பக்கவாட்டில் வெளியேறித் தொலைந்துவிடும். ஒரு முனையின் பூச்சில் மட்டும் ஒளி கசிய வழி விட்டிருப்பார்கள். அங்கிருந்து வருவதுதான் லேசர் கற்றை.

இதை முதலில் செய்து காட்டியவர் தியோடர் மெய்மான், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாலிபுவில் இருந்த ஹியூஸ் ஆய்வகத்தில். நாள் 1960 மே 16. மாணிக்கம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும் என்று அதுவரை வந்திருந்த அளவீடு ஒன்றை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மெய்மான் நம்பாமல் தானே அளந்து பார்த்தார். அந்த எண் தவறு, மாணிக்கம் சிக்கனமான கல்தான் என்று தெரிந்தது. பிறகு புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்கை விலைக்கு வாங்கி, சுருளின் நடுவே விரல் நுனி அளவுக் கோலைச் செருகினார். விளக்கு ஒரு கணம் வெட்டியது. மாணிக்கத்திலிருந்து சிவப்புக் கற்றை வந்தது. அவர் கட்டுரையை முதலில் அனுப்பிய அமெரிக்க ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட, அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனின் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. நம் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கதையைத்தான். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் எண்ணை ஒருவர் திரும்ப அளந்தார்.

குக்கர் வெயிட்

மெய்மானின் லேசரிலிருந்து ஒளி ஒரு மில்லி நொடி அளவுக்கு விட்டுவிட்டுச் சிதறலாக வந்தது. திறந்த பாத்திரத்தில் அரிசி கொதிக்கும்போது ஆவி வந்துகொண்டே இருப்பதைப்போல, சேர்வதற்குள் செலவாகிவிடுகிறது. அதை மூடி அடக்கினால் என்ன?

குக்கரில் வெயிட் போட்டால் ஆவி உள்ளே சேரும். 1961, 62ல் ஹியூஸ் ஆய்வகத்தின் ஹெல்வார்த்தும் மெக்ளங்கும் செய்தது இதைத்தான். கோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மின்னொளிக் கதவை வைத்தார்கள். கதவு மூடியிருக்கும்போது ஒளி ஆற்றப்படாது, உறை பிடிக்காது, தேங்காய்கள் தட்டில் குவிந்துகொண்டே போகும். குவிந்த நேரம் பார்த்துக் கதவைச் சட்டென்று திறந்தால், சேர்ந்ததெல்லாம் ஒரே விசிலில் வெளியே வரும். சுமார் 20 நானோ நொடி. இதற்கு கியூ-சுவிட்ச் என்று பெயர்.

ஒரு நூறு கிராம் தக்காளியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேடைமேல் எடுத்து வைக்க ஆகும் ஆற்றல் ஒரு ஜூல். அந்த ஒரு ஜூலை 20 நானோ நொடியில் கொட்டினால் அந்தக் கணத்தின் திறன் 5 கோடி வாட். இரண்டாயிரம் வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இருபத்தைந்தாயிரம் ஒரே கணத்தில் எரிவதற்குச் சமம். ஆற்றல் கூடவில்லை, நேரம் சுருங்கியது. இனி நான் சொல்லப்போகும் அளவையும் மருத்துவமும் பெரும்பாலும் இந்த ஒரு விசிலை நம்பியவை.

அந்தக் கதவிலிருந்தே இன்னொரு கண்டுபிடிப்பும் பிறந்தது. கதவுக்குள் நைட்ரோபென்சீன் என்ற திரவம் இருந்தது. 1962ல் அதே ஹியூஸ் நிறுவனத்தின் உட்பரி, இங் என்ற இருவர் கற்றையை அளந்தபோது, 694 நானோமீட்டரோடு சுமார் 766ல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கற்றையும் சேர்ந்து வருவதைக் கண்டார்கள். திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியிடமிருந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன. அது ராமன் விளைவு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928ல் கல்கத்தாவில் வடிகட்டிய சூரிய ஒளியை வைத்துக் கண்ட அந்த மங்கலான சங்கதி, மாணிக்கத்தின் விசிலில் முழுக்கற்றையாகவே வந்து நின்றது. ராமன் அப்போது பெங்களூரில் உயிரோடு இருந்தார்.

காவலூரில் எழுந்த சிவப்பு

இனி நம் மலை. ஆலங்காயத்திலிருந்து வளைந்து ஏறும் பாதையில், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் காவலூர். சாமையும் புளியும் தேனும் சந்தனமும் பேர் வாங்கிக் கொடுத்த மலையில், 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு இடம் தேர்ந்தார். நகர வெளிச்சம் எட்டாத இருள், நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம், அதனால் தென்வானமும் தெரியும். 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிந்த தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. பாப்பு 1982ல் காலமானார். 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பலருக்குத் தெரியாதது, இதே காவலூரில் இஸ்ரோவுக்கும் ஒரு நிலையம் இருந்தது. சோவியத் அறிவியல் அகாதமியோடு கூட்டுச் சேர்ந்து 1970களில் அமைத்த செயற்கைக்கோள் தடமறிந்து தூரமளக்கும் நிலையம், சுருக்கமாக 'ஸ்டார்ஸ்'. சோவியத்தின் இண்டர்காஸ்மாஸ் திட்டத்தில் எகிப்தின் ஹெல்வான், பொலிவியாவின் படகாமாயா, கியூபாவின் சாண்டியாகோ என்று பல நாடுகளில் இப்படிப்பட்ட நிலையங்கள் இருந்தன. அந்த வரிசையில் நம் காவலூரும் ஒன்று. அந்தத் திட்டத்தின் முதல் தலைமுறை லேசர் கருவிகளின் நெஞ்சில் இருந்தது மாணிக்கக் கோல்.

வேலை என்னவோ எளிது. மலைக்கு முன்னால் நின்று கூப்பிட்டால் எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுகிறோமே, அதுதான். செயற்கைக்கோளின் உடம்பில் முக்கோண மூலைக் கண்ணாடிகள் பதித்திருப்பார்கள். அறையின் மூலையைப் பார்த்துப் பந்தை எறிந்தால் இரண்டு சுவரிலும் தரையிலும் பட்டு எறிந்தவர் பக்கமே திரும்பி வருகிறதல்லவா, அந்த மூலை ஒளிக்கும் அதையே செய்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கோளுக்குப் போய்த் திரும்ப ஒளிக்குச் சுமார் 7 மில்லி நொடி. புறப்பட்ட ஒளித்துகள்களில் கைப்பிடியளவுகூடத் திரும்புவதில்லை. வந்த சிலவற்றையே தொலைநோக்கி பிடித்து எண்ணிக் காட்டும்.

இங்கேதான் குக்கர் வெயிட்டின் அருமை தெரியும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 20 நானோ நொடி விசில் என்றால் வானத்தில் பறக்கும் ஒளித்துண்டின் நீளம் 6 மீட்டர். அதன் நடுவைக் கணித்துப் பிடித்தால் தூரத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியத்தில் சொல்லலாம். மில்லி நொடிக்குச் சிதறும் பழைய லேசரால் அடித்தால் ஒளித்துண்டு 300 கிலோமீட்டர் நீளம். எதையும் அளக்க முடியாது. இப்படிப் பல நிலையங்கள் சேர்ந்து அளந்ததை வைத்துக் கோளின் பாதை, பூமியின் ஈர்ப்பில் உள்ள மேடுபள்ளம், நிலையங்களுக்கு இடையேயான உண்மைத் தூரம் எல்லாம் கணக்கிட்டார்கள்.

"இந்த மலையிலருந்தா?" என்று அக்கா மகள் கேட்டாள். இந்த மலையிலிருந்துதான்.

நிலாவுக்கும் மாணிக்க ஒளி போய் வந்திருக்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் நிலாத் தரையில் நூறு மூலைக் கண்ணாடிகள் கொண்ட ஒரு பலகையை வைத்தார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் ரூபி லேசரை அடித்து அதன் எதிரொலியைப் பிடித்தது. போய்வர இரண்டரை நொடி. டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகம் அதன்பின் பல ஆண்டுகள் ரூபி லேசரால்தான் நிலாவை அளந்து வந்தது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்று இன்று உறுதியாகச் சொல்கிறோமே, அது இப்படித் தொடங்கிய அளவைகளின் பலன்.

இயற்பியல் கூடத்துக்குள் மாணிக்கம் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1961ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கன் குழு ரூபி கற்றையைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் விட்டது. 694 நானோமீட்டர் சிவப்பில் ஒரு துளி, சரிபாதியான 347 நானோமீட்டர் புறஊதாவாக மாறி வெளியே வந்தது. ஒளி ஒளியோடு சேர்ந்து வேறு நிறமாகும் என்பதற்கு முதல் சான்று. புகைப்படத் தகட்டில் பதிந்த அந்தப் புள்ளி அவ்வளவு சிறியது. அச்சான கட்டுரையில் அம்புக்குறி இருக்கிறது, புள்ளி இல்லை. தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பார்கள்.

இரண்டாவது 1969. மாஸ்கோவில் அணுக்கருப் பிணைவு ஆய்வுக்குக் கட்டிய டி-3 டோகமாக் கருவியில் ஒரு கோடி டிகிரி வெப்பத்தை எட்டிவிட்டோம் என்று ரஷ்யர்கள் சொன்னார்கள். மேற்கில் யாரும் நம்பவில்லை. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு தன் ரூபி லேசரைப் பெட்டி பெட்டியாகக் கட்டி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. ஒளி எலெக்ட்ரான்களில் பட்டுத் தெறிக்கும்போது நிறம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்று பார்த்தால் அவற்றின் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் வெப்பம் தெரியும். ரஷ்யர்கள் சொன்னது சரி. அணுக்கருப் பிணைவு ஆய்வில் உலகமே டோகமாக் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான்.

தோலும் கண்ணும்

மருத்துவத்துக்கு வர ஒன்றரை வருடம்தான் ஆயிற்று. 1961 டிசம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் சார்லஸ் கேம்ப்பெல், ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியை ரூபி லேசரால் பொசுக்கினார். கத்தி கண்ணுக்குள் போகவில்லை. கண்ணின் முன்பகுதி சிவப்பு ஒளிக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி; ஒளி அதைத் தொடாமல் கடந்து, பின்னால் கறுப்பாக இருக்கும் இடத்தில்தான் சூடாக மாறும்.

ஆனால் சிவப்புக்கு ஒரு குறை. ரத்தம் சிவப்பாக இருப்பதே சிவப்பு ஒளியை அது விழுங்காததால்தான். சர்க்கரை நோயில் விழித்திரை ரத்தக்குழாய் கசிந்தால் ரூபி ஒளி அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். 1968 வாக்கில் ஆர்கான் லேசரின் நீலப்பச்சை ஒளி கண் மருத்துவத்துக்கு வந்ததும் ரூபி அந்த இடத்தைக் காலி செய்தது. இன்று நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கும் லேசர் பெரும்பாலும் பச்சை.

ரூபி தங்கியது தோலில். சின்சினாட்டியின் லியான் கோல்ட்மன் 1960களின் தொடக்கத்திலேயே, கறுப்பு நிறம் உள்ள இடத்தை இந்த ஒளி தேடிப்போய்ச் சுடுகிறது என்று காட்டினார். வெயிலில் கறுப்புத் துணி சுடும், வெள்ளைத் துணி சுடாது, அதே கதைதான்.

அன்று இரவு அக்கா மகள் அம்மாவின் முன்கையைப் பிடித்துப் பார்த்தாள். அதில் பச்சை குத்தியிருக்கும்: ஒரு கோலம், சுற்றிப் புள்ளிகள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த ஒரு குறத்தி குத்தியது. கறுப்பாகக் குத்தியதுதான் தோலுக்கு அடியில் இன்று நீலப்பச்சையாகத் தெரிகிறது. "இது ஏன் பாட்டி அழியல?" தோலின் மேலடுக்கு உதிர்ந்து உதிர்ந்து வளரும், மை அதற்கும் கீழே, உடம்பின் செல்கள் தூக்க முடியாத பருக்கைகளாகக் கிடக்கிறது. கியூ-சுவிட்ச் ரூபி ஒளி அந்தப் பருக்கைமேல் பட்டால், சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுவதற்கு முன்பே பருக்கை உடைந்து பொடியாகிவிடும். கல்லுப்பை அம்மியில் ஒரே தட்டு தட்டுவது மாதிரி. பொடியை உடம்பு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சென்றுவிடும். அதனால் ஒரே தடவையில் அழியாது, பல தடவை வேண்டும். 1983ல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இதை முறையாகச் செய்து வெளியிட்டார்கள். கறுப்பு, நீலம், பச்சை மைகளுக்கு ரூபி நன்றாக வேலை செய்யும். சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அதற்கு உதவாது. கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் நீலக்கறுப்பாகப் படரும் ஓட்டா மச்சத்துக்கும் இது பயன்பட்டது.

"எனக்கு எதுக்கு அழிக்கணும்? எங்கம்மா பக்கத்துல நின்னு குத்த வெச்சது," என்றார் அம்மா.

பச்சையோ முடியோ வேண்டாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். முடி நீக்கத்துக்கு முதலில் வந்த லேசர்களில் ரூபி ஒன்று, 1990களின் நடுவில். வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் ஒளி நேரே முடியின் வேருக்குப் போகும். நம் தோல் அப்படி இல்லை. நம் மாநிறத்தைத் தருகிற மெலனினும் முடியின் கறுப்பும் ஒரே பொருள். 694 நானோமீட்டர் ஒளிக்கு இரண்டும் ஒன்றுதான். வேரைச் சுடும் முன்பே மேல்தோலைச் சுட்டுவிடும். கொப்புளம், பிறகு வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ. அதனால்தான் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் முடிக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் மெலனின் குறைவாக விழுங்குகிற 1064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீள லேசர்களை நாடுகிறார்கள்.

ஆகவே பச்சை அழிக்கவோ முடி நீக்கவோ போகிறவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த அலைநீளம் என்று கேளுங்கள். என் நிறத் தோலில் ஒரு சின்ன இடத்தில் அடித்துச் சில வாரம் பார்த்துவிட்டு மிச்சத்தைச் செய்வீர்களா என்று கேளுங்கள். அந்த அலைநீளத்துக்கு உரிய கண் காப்புக் கண்ணாடி உங்களுக்கும் தருகிறார்களா என்று பாருங்கள். செய்பவர் தோல் மருத்துவர்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் நேரான பதில் வராத இடத்தில் உட்காராதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.